கை வைக்காமல் நிற்பது

படம் பார்த்துக்கொண்டிருப்பவனைத் திரையிலேயே பெயர் போட்டுக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி. தியேட்டரில் கூட்டம் பிதுங்குகிறது. கதாநாயகன் வில்லனின் சட்டையைப் பிடித்த நேரம் பார்த்து, படத்துக்கு மேலேயே ஒரு சிலைடு: "ஜெயபாலன், உடனே ஆபீசுக்கு வரவும்." பின் வரிசையில் ஒருத்தன், "யாருலா அந்த ஜெயபாலன், பொண்டாட்டிக்கு வலி வந்திருச்சா?" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. எனக்குப் பொண்டாட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் என் வாழ்க்கை இதுதான். எங்கே போனாலும் அந்த மெஷின் என்னைக் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் ஆபீஸ் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடி. பேராக் ரப்பர் தோட்டங்களின் செக்ரோல் எங்களிடம்தான் வரும். யார் எத்தனை நாள் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு பால் இறக்கினார்கள், யாருக்கு என்ன சம்பளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சம்பளச் சீட்டாக அடித்துத் திருப்பி அனுப்புவோம். கம்ப்யூட்டர் என்றால் மேசை மேல் வைத்து விளையாடுகிற பொம்மை இல்லை. யூனிக்ஸ் ஓடுகிற மெஷின்! ஹாலில் இருக்கும் டெர்மினல்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தட்டலாம், ஒருத்தர் வேலை இன்னொருத்தர் மேல் ஏறாது. கோலாலம்பூருக்குக் கோர்ஸ் போய் முதல் தடவை அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்படி ஒன்றை மனுஷன் யோசித்துச் செய்திருக்கிறானே என்று இருந்தது. அது இருப்பது ஹாலின் மூலையில், கண்ணாடித் தடுப்பு போட்ட ஏர்கான் ரூமில். நானும் அங்கேதான் இருந்தேன்.

முதலாளி உடையப்பன். கோப்பெங் பக்கத்தில் என் அப்பா பால் வெட்டிய தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணியாக இருந்தவர். அந்தத் தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குப் போனபோது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மிச்சமிருந்த ஒரே லயத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். அந்த லயத்தில்தான் என் அம்மா நல்லம்மாள் இருக்கிறாள். தோட்டத்துச் சட்டம் தெரியும்தானே? வீட்டில் ஒரு ஆள் தோட்டத்துக்கு உழைத்தால் வீடு. வேலையை விட்டால் சாமானைக் கட்டு. தோட்டம் போய்விட்டது, சட்டம் போகவில்லை. அவர் அதை ஈப்போவரைக்கும் கொண்டுவந்து, மாடிப்படி ஏற்றி, ஏர்கான் ரூமுக்குள் வைத்திருந்தார். மிரட்டியதே இல்லை. அவருக்கு அது காற்று, தண்ணி மாதிரி. அப்படித்தான் உலகம்.

சிங்கப்பூரில் எனக்கு ஒரு வேலை அமைந்தது. பெரிய யூனிக்ஸ் மெஷின்கள், வரிசை வரிசையாக. நவம்பரில் சேர வேண்டும். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"போ. ஒன்ன யாரு புடிச்சு வச்சா?" என்றார். உடனே, "மெஷின யாரு பாத்துக்குவா?" என்றார்.

"பல்கீஸ் இருக்குய்யா."

"அது நேத்து வந்த பொண்ணு. மெஷின் படுத்துருச்சுன்னா?"

"எப்படி எழுப்பறதுன்னு எழுதி வச்சிட்டுப் போறேன்யா. யாரு படிச்சாலும் எழுப்பலாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி பாலா. ஒரு தடவ மெஷின் படுக்கணும். நீ கை வைக்காம அது எந்திரிக்கணும். எந்திரிச்சதுன்னா நீ போலாம், ஒங்கம்மா உசுரு உள்ளவரைக்கும் அந்த வீட்டுல இருக்கட்டும். நீ கை வச்சியோ, சிங்கப்பூர மறந்துரு. என் பேச்சு பேச்சுதான்."

அவர் பேச்சு பேச்சுதான், அது தோட்டத்துக்கே தெரியும். நான் துள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து பேய் பிடித்த மாதிரி வேலை செய்தேன். டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்ரிஜ் டேப்பில் நகல் எடுப்பதுதான் பேக்கப். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நகலை மெஷின் பக்கத்திலேயே வைத்தால்? மாடி எரிந்தால் இரண்டும் எரியும். அதனால் மூன்று செட். புதியது ஆபீஸ் பீரோவில். அதற்கு முந்தியது லகாட்டில், முதலாளியின் மச்சான் கடையில். அதற்கும் முந்தியது கோப்பெங்கில், பழைய தோட்ட ஆபீஸில். ஈப்போவில் வெள்ளமே வந்தாலும் கோப்பெங்கில் ஒரு செட் உயிரோடு இருக்கும். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே ஒருநாளும் இருக்கக் கூடாது. கெஞ்சிக் கூத்தாடி ஸ்பேர் டிஸ்க் ஒன்றும் வாங்க வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி ரூமின் சுவரில் ஒட்டினேன். டிஸ்க் செத்துவிட்டதா, இதைக் கழற்று, அதை மாட்டு, இந்த பிளாப்பியில் பூட் செய், இந்த டேப்பைப் போடு.

டேப்புகளை வேனில் ஏற்றி இறக்குவது புந்தோங்கிலிருந்து வேலைக்கு வரும் சன்னாசி அண்ணன். ஆபீஸில் டிரைவர், பியூன், பூசாரி எல்லாம் அவர்தான்.

"ஏன்டா தம்பி, தாத்தா டேப், அப்பா டேப், மவன் டேப்புன்னு பேரு வச்சிருக்க. தாத்தாவ மட்டும் கோப்பெங்குக்குத் தொரத்திட்ட."

"அதான்ணே பாதுகாப்பு."

"எங்க வீட்டுலயும் அப்படிச் செஞ்சாத்தான் நிம்மதி போல."

பல்கீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் இருப்பதைப் படித்துக்கொண்டிருப்பாள். பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுவின் மகள். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாயே திறக்க மாட்டாள், ஆனால் ஒருமுறை சொன்னால் போதும். நான்தான் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்வேன். அவள் ஒரு கமாண்டைத் தட்டி முடிப்பதற்குள் என் கை கீபோர்டுக்குப் போய்விடும். "அண்ணே, நான் அடிக்கிறேனே," என்பாள்.

எல்லாம் தயார். படுக்கத்தான் ஆள் இல்லை. "ஒரு நாள் நாமளே நிறுத்திப் பாக்கலாம்யா," என்று கேட்டால், "நல்லா ஓடுற மாட்ட எதுக்குலா படுக்க வச்சுப் பாக்கணும்?" என்பார் முதலாளி. செப்டம்பர் முடிந்துகொண்டிருந்தது. மெஷினோ கல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நான் வேண்டாத சாமி இல்லை: எது எதற்கோ வேண்டுவார்கள், நான் ஒரு மெஷின் கெட்டுப்போக வேண்டிக்கொண்டேன்.

ஆயுத பூசை வந்தது. மத்தியானம் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மெஷின நிறுத்து."

"ஏன்யா?"

"ஆயுதம்னா இன்னிக்கு ஓயணும். தோட்டத்துல பால் கத்திக்கே இன்னிக்கு வேல கெடையாது. இது மட்டும் என்னா பெரிய மசிரு? நாளைக்குக் காலையில நல்ல நேரத்துல நானே தட்டி விடுறேன்."

"ஐயா, போன தீபாவளிக்கு வந்ததுலேருந்து இதை நிறுத்துனதே இல்ல. ஓடுற வரைக்கும் ஓடட்டும். டிஸ்க்குக்கு நல்லதில்ல."

"சாமிக்கு நல்லது."

நிறுத்தினேன். வேலை செய்பவர்களை வெளியேற்றி, மெமரியில் இருந்ததை டிஸ்க்குக்கு இறக்கி, முறைப்படி நிறுத்தினேன். விசிறிச் சத்தம் அடங்கியதும் ரூம் எனக்கு வேறு ரூம் மாதிரி இருந்தது. சாயங்காலம் பூசை. நான் நிற்கவில்லை. என்னைக் கூப்பிட முடியாத ஒரு சாயங்காலம் கிடைத்திருக்கிறது, விடுவேனா? கோப்பெங் பஸ்ஸில் ஏறி அம்மாவிடம் போய்விட்டேன். அவள் அவித்த கடலையைத் தின்றுகொண்டு சிங்கப்பூர் கதையெல்லாம் அளந்தேன். அம்மா கேட்டாள்: "கிராணியாரு விட்டுருவாருங்கற?"

"பேச்சு குடுத்துருக்காரும்மா."

மறுநாள் காலை விஜயதசமி. ஆபீஸ் முழுக்கச் சாம்பிராணி வாசனை. டெர்மினல், டைப்ரைட்டர், வேன் சாவி, எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். மெஷின் நெற்றியில் பெரிய பட்டை. முதலாளி நேரம் பார்த்துச் சுவிட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. டிஸ்க்கிலிருந்து ஒரு முனகல், ஒரு 'டிக்'. அப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். முனகல், டிக்.

"என்னாலா ஆச்சு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடும்போது டிஸ்க்கில் எழுதிப் படிக்கிற தலை, சுற்றுகிற தட்டின் மேல் மிதக்கும். நிறுத்தினால் தட்டின் மேலேயே உட்காரும். மாசக் கணக்கில் சூடாக ஓடியதை நிறுத்தி ஆறவிட்டால், சில சமயம் உட்கார்ந்த தலை ஒட்டிக்கொள்ளும். தட்டு சுற்றாது. கோர்ஸில் ஒரு சீன இஞ்சினியர் இதற்கு ஒரு வைத்தியம் காட்டியிருந்தார். டிஸ்க்கைக் கையில் எடுத்து, கரண்டு கொடுக்கும்போது மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்பு. ஒட்டிய தலை விட்டுக்கொடுத்து, தட்டு சுற்ற ஆரம்பிக்கும். தப்பாகத் திருப்பினால் தட்டு கீறிப்போகும், எல்லாம் போச்சு. எழுதி வைக்கிற வைத்தியம் இல்லை அது. சுவரில் நான் ஒட்டவும் இல்லை.

வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இதுதானே நான் கேட்டது! ஸ்பேர் டிஸ்க் இருக்கிறது, மூன்று செட் டேப் இருக்கிறது, சுவரில் எல்லாம் இருக்கிறது.

"டிஸ்க் போயிருச்சுய்யா," என்றேன். "பல்கீஸ் எழுப்பட்டும். நான் வெளிய நிக்கிறேன்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்பச் சந்தோசமா இருக்க போல?"

"நீங்க சொன்னதுதான்யா."

"சொன்னேன். இல்லைன்னு சொல்லல." பல்கீஸைப் பார்த்தார். "என்னம்மா, முடியுமா?"

"முடியும் சார்," என்றாள். சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவிழ்த்தேன். பாக்கெட்டில் போட்டேன். முதலாளி என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

பல்கீஸ் அழகாகச் செய்தாள். சன்னாசி அண்ணன் டார்ச் பிடிக்க, பழைய டிஸ்க்கைக் கழற்றித் துணி விரித்த மேசை மேல் வைத்தாள். ஸ்பேரை மாட்டினாள். பிளாப்பியில் பூட் செய்தாள். திரையில் பச்சை எழுத்துகள் ஓடியதும் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. புது டிஸ்க்கைத் தயார் செய்தாள். பீரோவைத் திறந்து டேப்பை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டேப்பின் மேல் சந்தனம். குங்குமம்.

தட்டிவிட்டுப் போட்டாள். டிரைவ் கீச்சென்று கத்தியது, கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. திரையில் எரர். வெளியே எடுத்தாள். அதன் சின்னக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் காய்ந்து பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மஞ்சத்தண்ணி.

"அண்ணே!" நான் சன்னாசி அண்ணனைக் கூப்பிட்டேன். முதலாளி விரலை உயர்த்தினார்: "பேசக் கூடாது." நான் வாயை மூடினேன். அவரே கேட்டார்: "என்னா சன்னாசி?"

அண்ணன் கதவருகே வந்து தலையைச் சொறிந்தார். "பூசையில வச்சங்கய்யா. பெட்டிக்குள்ளயே இருந்தா எப்படி? தொறந்து வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு..."

"சரி, லகாட்டுல இருக்குதுல்ல?"

"இல்லைங்கய்யா. அதையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

"கோப்பெங்?"

"அதையும்தான். வருசத்துல ஒரு நாளு. கம்பெனி ஆயுதத்துல ஒண்ண வைக்காம விட்டா தோசமாயிருங்க. இன்னிக்குத் திருப்பிக் கொண்டு போலாம்னுதான் இருந்தேன்."

முதலாளி அவரைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவார்? அவராக இருந்தாலும் அதையே செய்திருப்பார். ஏன், நானே அந்த இடத்தில் இருந்திருந்தால்? சின்ன வயசில் அப்பாவின் மூன்று கத்தியில் ஒன்றைப் பூசையில் வைக்க மறந்ததற்காக அம்மா ராத்திரியெல்லாம் புலம்பியது எனக்குத் தெரியும். தீ, வெள்ளம், கரண்ட் கட், திருடன், எல்லாவற்றுக்கும் சுவரில் வழி எழுதியிருந்தேன். சாமிக்கு எழுதவில்லை.

உள்ளே பல்கீஸ் பீரோவிலேயே இருந்த இரண்டாவது செட்டைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கதவைத் தள்ளி, மூடி, வரிசையாக அடுக்கினாள். எதையும் டிரைவில் போடவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரைச் சுற்றினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கோலாலம்பூருக்குப் போன் போட்டிருக்கிறாள். இஞ்சினியர் அடுத்த வாரம் வருவான், கையை விரிப்பான். அத்தனை தோட்டத்துச் செக்ரோலும் போச்சு. அவளால் முடியவில்லை என்றால் எனக்கும் விடுதலை இல்லை. இதற்கு மேல் நான் வெளியே நின்று என்ன பிரயோஜனம்? அங்கே மேசை மேல், துணி விரித்து, பழைய டிஸ்க் கிடக்கிறது. எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரே ஒரு திருப்பு. என் மணிக்கட்டு தானாகவே அசைந்தது. சத்தியமாக அசைந்தது.

"பாலா," என்றார் முதலாளி. எச்சரிக்கவில்லை. நான் செய்யப் போவதை என்னைவிட முன்னாலேயே பார்த்துவிட்டவர் குரல்.

"எல்லாம் ஹபிஸ், முடிஞ்சிருச்சுய்யா. இனிமே என்னா?" கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பல்கீஸ் திடுக்கிட்டு எழுந்தாள். "அண்ணே, நீங்க வராதீங்க! வெளிய போங்க!"

"இரு, இரு, ஒரு நிமிசம்."

"அண்ணே, சொல்றதக் கேளுங்க, அத்தா கடைக்குப் போன் பண்ணி..."

நான் எங்கே கேட்டேன்? டிஸ்க்கை எடுத்தாயிற்று. ஒயரை மாட்டினேன், சன்னாசி அண்ணனைச் சுவிட்சைத் தட்டச் சொன்னேன். முனகல் வந்த அந்த நொடி, வெடுக். ஒன்றும் இல்லை. மறுபடி. வெடுக். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. சன்னமாக ஒரு விசில் எழுந்து, ஏறி, ஏறி, ஒரே சுருதியில் நின்றது. என் வாழ்க்கையில் கேட்ட சத்தத்திலேயே இனிமையான சத்தம் அதுதான். டிஸ்க்கை மெதுவாக மேசையில் வைத்தேன். பூட் ஆனது. லாகின் கேட்டது. "வந்துருச்சு!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே, மாடிப்படி ஏறி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான் பல்கீஸின் அண்ணன் ஜஹாங்கீர். தோளில் சாப்பாட்டுக்கடைத் துண்டு. கையில், சோற்றை நாசி பொட்டலமாகக் கட்டுகிற பழுப்புக் காகிதத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பொட்டலம்.

"இதானா நீ கேட்டது?" என்றான் தங்கையிடம். "வீட்டு அலமாரியில சேலைக்கு அடியில இருந்துச்சு."

பல்கீஸ் வாங்கிப் பிரித்தாள். கேட்ரிஜ் டேப். சுத்தமாக.

"என்னாம்மா இது?" என்றார் முதலாளி.

"பேக்கப் சார். வாரா வாரம் பாலா அண்ணன் செய்யறதப் பாத்துட்டு, இவரு போன பெறகு நானும் ஒண்ணு எடுப்பேன். ரிஸ்டோர் பண்ணி, திருப்பி ஏத்திப் பழக. இவரு இருந்தா எங்க பழக விடுறாரு?" டேப்பை முதலாளி பக்கம் நீட்டினாள். "முந்தா நாள் எடுத்தது. எல்லாம் இதுல இருக்கு. இதப் போட்டு எழுப்பிடலாம்னுதான் உக்காந்துருந்தேன்."

நான் டிஸ்க்கைப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றேன். "பல்கீஸ் அதப் போட்டுக் காட்டட்டும்யா. இப்பவே. நான் வெளிய போயிடுறேன்."

"நான் செய்யறேன் சார்," என்றாள் அவள்.

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி போட்டார்.

"மெஷின் ஓடுதுல்ல?"

"ஓடுதுய்யா, ஆனா..."

"ஓடுற மெஷின எதுக்கு நிறுத்தணும்? நிறுத்துனதுக்கே இந்தப் பாடு. நாளைக்கு எல்லாத் தோட்டமும் சம்பளச் சீட்டு கேட்கும்." என் தோளில் கை வைத்தார். "ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாம்ல பாலா? நானே ஒன்ன அனுப்பணும்னுதான் உக்காந்துருந்தேன். நீதான் உள்ள வந்துட்ட."

அவர் கீழே இறங்கிப் போனார். ஜஹாங்கீர் ஒன்றும் புரியாமல் என்னிடம், "டேய் மச்சான், கடையில கூட்டம்லா, நான் போறேன்," என்று ஓடினான். சன்னாசி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாழாய்ப்போன டேப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார், துடைத்தால் சரியாகிவிடும் என்பது மாதிரி.

பல்கீஸ் தன் டேப்பைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள்.

"பீரோவுல வையேன்," என்றேன்.

"வேணாம். இது எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"பல்கீஸ், நான் என்னா..."

"ஒங்களுக்கு வெளிய நிக்கவே தெரியாதுண்ணே." ரப்பர் பேண்டைப் போட்டாள். "நான் படிச்சிருந்தேன். எல்லாம் படிச்சிருந்தேன். ஒரே ஒரு தடவ விட்டிருக்கலாம்."

அவள் ஹாலுக்குப் போய்த் தன் டெர்மினலில் உட்கார்ந்தாள். நான் பழைய டிஸ்க்கிலிருந்து ஸ்பேருக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன். பழையது எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு எரர் வந்தால் பார்க்க ஆள் வேண்டும். மேசை மேல் ஒயரோடு கிடந்ததால் யாராவது இடித்துவிடாமலும் பார்க்க வேண்டும். மேசையைச் சுவரோடு நெருக்கித் தள்ளி, கதவுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் சன்னாசி அண்ணன் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, சாப்பிட வா. கீழ நல்ல மீன் வந்துருக்கு."

"விட்டுட்டு வர முடியாதுண்ணே. ஓடிக்கிட்டிருக்கு."

"எப்ப முடியும்?"

"தெரியல. நீங்க போங்க."

அவர் எனக்குப் பின்னால் இருந்த டிஸ்க்கை எட்டிப் பார்த்தார். பிறகு, "கட்டிக்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி, திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும் பச்சைப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.